புது லேப்டாப்பில் விண்டோஸ் 11-ஐ எடுத்துவிட்டுப் பழையது போட வேண்டும் (டாங்கிள் எரியவில்லை)

ஜாம்பஜார் கம்போசிங்:

வணக்கம். திருவல்லிக்கேணி ஜாம்பஜார் பக்கம் சின்னதாக ஒரு டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி, பில் புக், இவைதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் எனக்கு மேட்டர் அடிக்கிற மெஷின், அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. பதில் சொல்கிறவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஐப்பசி மழையில் ஒரு சாயங்காலம் கரண்ட் போய்ப் போய் வந்ததில், 2010-ல் வாங்கிய டெஸ்க்டாப் உயிரை விட்டது. தெரிந்த மெக்கானிக் கழற்றிக் காட்டினார்: மதர்போர்டில் நாலைந்து கெப்பாசிட்டர் இட்லி மாதிரி உப்பிக்கொண்டு நிற்கிறது. ஹார்ட் டிஸ்க் மட்டும் தப்பித்தது. அதில் விண்டோஸ் 7, பக்கம் அமைக்கும் பேஜ்மேக்கர் 7, கூடவே ஒரு தமிழ் எழுத்துரு மென்பொருள். அந்த மென்பொருளுக்கு யூஎஸ்பியில் செருகும் டாங்கிள் ஒன்று உண்டு. பச்சை நிறம், கட்டை விரல் நுனி அளவு. செருகினால் உள்ளே சிவப்பாக ஒரு புள்ளி எரியும். புள்ளி எரிந்தால்தான் கீபோர்டில் தமிழ் வரும்.

பையன் புது லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். 16 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11 ஹோம். பேஜ்மேக்கர் எப்படியோ ஏறிவிட்டது. டாங்கிளைச் செருகினால் புள்ளி எரியவில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். டாங்கிளை விண்டோஸுக்கு அடையாளம் காட்டும் டிரைவர் சிடியில் இருக்கிறது, அதை ஏற்றப் பார்த்தால் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. விற்றவர்களின் நம்பருக்குப் போட்டால் உபயோகத்தில் இல்லை என்று ஒரு அம்மா பேசுகிறார்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில், "800 ரூபா குடுங்க சார், செவன் போட்டு ஆக்டிவேட்டும் பண்ணித் தரேன்" என்றார்கள். நாலு கடை தள்ளி இன்னொருவர், "புது மெஷின்ல செவன் ஏறாது, டென் போடலாம்" என்றார். யார் பேச்சைக் கேட்பது?

சரி, நாமே பார்ப்போம் என்று 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸ் 10 இறக்கி உட்கார்ந்தேன். இன்ஸ்டால் ஆரம்பித்ததும் டச்பேட் செத்துவிட்டது, யூஎஸ்பி மவுஸ் போட்டு ஓட்டினேன். எந்த டிஸ்கில் போடட்டும் என்று கேட்கும் இடத்துக்கு வந்தால் பட்டியல் காலி. ஒரு டிஸ்கும் இல்லையாம்! யூடியூபில் யாரோ சொன்னார் என்று பயாசுக்குள் (மெஷின் தொடங்கும்போது வரும் செட்டிங்) போய் செக்யூர் பூட் என்ற காவலை அணைத்தேன். அதன் பிறகு விண்டோஸ் 11-ம் வரவில்லை. டிஸ்க் பூட்டியிருக்கிறது, திறக்க 48 இலக்க ரெகவரி கீ கொடு என்று நீலத் திரையில் நிற்கிறது. அது பையனின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதாம். அவன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். ராத்திரி பதினொன்றரைக்கு அவனை எழுப்பி, ஆறு ஆறு எண்ணாக எட்டுத் தடவை அவன் வாசிக்க, நான் ஒற்றை விரலால் அடிக்க, நாலாவது கட்டத்தில் தப்பாகிவிட்டது. "அப்பா, கண்ணாடி போட்டுக்கோங்க" என்றான். இப்போது விண்டோஸ் 11 பழையபடி வருகிறது. நானும் எதையும் தொடவில்லை.

தை முகூர்த்தக் கார்டுகளுக்கு ஆள் வர ஆரம்பித்தாயிற்று. 10 போட்டாலும் சரி, 7 போட்டாலும் சரி, எனக்கு அந்தச் சிவப்புப் புள்ளி எரிய வேண்டும். வழி சொல்லுங்கள்.

---

பெரம்பூர்வாசி:

அண்ணே, டிஸ்க் தெரியாததற்குக் காரணம் விஎம்டி. இன்டெல் 11-ம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்புகளில் எஸ்எஸ்டியை இந்த விஎம்டி கன்ட்ரோலருக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். விண்டோஸ் 10 பென் டிரைவில் அதற்கான டிரைவர் கிடையாது. லேப்டாப் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்தில் இன்டெல் ஆர்எஸ்டி டிரைவர் கிடைக்கும். அதை விரித்து அதே பென் டிரைவில் ஒரு ஃபோல்டரில் போட்டுவையுங்கள். காலிப் பட்டியல் வரும் திரையில் "லோட் டிரைவர்" என்று ஒரு பொத்தான் இருக்கும், அதில் அந்த ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் வந்துவிடும். டச்பேடும் அப்படித்தான், டிரைவர் ஏற்றிய பிறகு உயிர் வரும்.

செவனை மறந்துவிடுங்கள். அதற்கு யூஎஸ்பி 3 தெரியாது, இப்போதைய என்விஎம்இ எஸ்எஸ்டி தெரியாது, மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவிவிட்டது. அந்த 800 ரூபாய்க் கடைக்காரர் போடும் ஆக்டிவேட்டரோடு வேறு என்னென்ன உள்ளே வரும் என்று அவருக்கே தெரியாது.

டென்னிலும் ஒரு விஷயம். 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கும் இலவச அப்டேட் முடிந்தது. தனியாகப் பதிவு செய்தால் 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். இன்னொன்று, பழைய பதிப்புக்கு இறங்கும் உரிமை லேப்டாப்போடு வரும் புரோ லைசென்சுக்குத்தான். ஹோமுக்கு இல்லை.

---

டிரைவர் வேட்டை:

பெரம்பூர்வாசி சொன்னது எல்லாம் சரி. ஆனால் அவசரப்பட்டு டிஸ்கை அழித்துவிடாதீர்கள் சார். டென் போட்டால் டாங்கிள் எரியும் என்று யாரும் இன்னும் சொல்லவில்லை!

மூன்று கேள்வி.

1. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தை இரண்டு தடவை சொடுக்கினால் கோட் என்று ஒரு எண் வரும். என்ன எண்?

2. பழைய மெஷினில் இருந்தது 32 பிட் விண்டோஸா, 64 பிட்டா? தெரியாவிட்டால் எவ்வளவு ரேம் என்று சொல்லுங்கள்.

3. டாங்கிள் சிடியில் டிரைவர் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பு ஒன்று இருக்கும். அதை நோட்பேடில் திறந்து, கன்ட்ரோல் எஃப் அழுத்தி ஏஎம்டி64 என்று தேடுங்கள். (ஆங்கில எழுத்தில்தான். உங்களுடையது இன்டெல் மெஷினாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருக்கும். இந்த வகை 64 பிட்டை முதலில் கொண்டுவந்தது ஏஎம்டி, அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.)

கோட் 52 என்றால் டிரைவரின் டிஜிட்டல் கையெழுத்தில் பிரச்சினை. 39 வந்தால், செக்யூரிட்டி பகுதியில் கோர் ஐசொலேஷனுக்குள் இருக்கும் மெமரி இன்டெக்ரிட்டி பழைய டிரைவரைத் தடுக்கிறதா என்று பார்க்கலாம். அதுதான் காரணம் என்றால் அணைத்தாலே போதும், விண்டோஸை மாற்றவே தேவையில்லை. அதற்குப் பாதுகாப்பில் கொஞ்சம் விலை கொடுக்கிறோம் என்பது வேறு விஷயம்.

---

ஜாம்பஜார் கம்போசிங்:

தம்பி, பார்த்துவிட்டேன். கோட் 28. ரேம் 2 ஜிபி. பழைய விண்டோஸ் சிடி உறையிலேயே 32 பிட் என்று போட்டிருக்கிறது. நோட்பேடில் தேடினால் ஏஎம்டி64 இல்லை. மூன்று தடவை தேடினேன். கடைசியில் இருக்கும் தேதி 2006.

---

டிரைவர் வேட்டை:

அப்போது கதை தெளிவாகிவிட்டது. 28 என்றால் டிரைவரே ஏறவில்லை என்று அர்த்தம். உங்கள் சிடியில் இருப்பது 32 பிட் டிரைவர் மட்டும். 64 பிட் விண்டோஸில் பேஜ்மேக்கர் போன்ற 32 பிட் மென்பொருள் ஓடும், ஆனால் 32 பிட் டிரைவர் ஏறவே ஏறாது. 11-ல் மட்டும் இல்லை, 10-லும் ஏறாது, 64 பிட் செவனிலும் ஏறாது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து டென் போட்டிருந்தாலும் காலையில் இதே மஞ்சள் முக்கோணம்தான் நின்றிருக்கும்.

அப்படியென்றால் 32 பிட் டென் போடலாமே என்பீர்கள். 11-ல் 32 பிட் பதிப்பே கிடையாது, 10-ல் உண்டு. ஆனால் உங்கள் லேப்டாப்பில் பழைய பயாசுக்குப் பதிலாக இருப்பது 64 பிட் யூஇஎஃப்ஐ. 32 பிட் விண்டோஸை அது தொடக்கிவைக்காது. அதற்குப் பழைய பயாஸ் முறை வேண்டும். 2020-க்குள் அதை எடுத்துவிடப் போவதாக இன்டெல் 2017-லேயே அறிவித்துவிட்டது, இப்போது வரும் லேப்டாப்புகளில் பெரும்பாலும் அந்த வசதி இல்லை.

ஆக, லேப்டாப்பில் பழைய விண்டோஸ் வேண்டாம். விண்டோஸ் 11-க்குள் ஒரு பெட்டி செய்து, அதற்குள் உங்கள் பழைய கம்ப்யூட்டரையே முழுசாக உட்கார வைக்கலாம். வெர்ச்சுவல் மெஷின் என்பார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் நன்றாக இருக்கிறது என்றீர்களே, அதுதான் உங்கள் அதிர்ஷ்டம். விண்டோஸ் 7 கடையில் தனியாக அட்டைப் பெட்டியாக வாங்கியதா, கம்ப்யூட்டரோடு வந்ததா? பெட்டியாக வாங்கியிருந்தால் வேறு மெஷினுக்கு மாற்ற உரிமை உண்டு. மதர்போர்டோடு வந்த ஓஇஎம் என்றால் அந்த உரிமை அந்த போர்டோடு போயிற்று.

---

எழுத்தாணி:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். 2006 டிரைவர், 2001-ல் வந்த பேஜ்மேக்கர் 7, எந்த மெஷினிலும் ஒரே மாதிரி படிக்க வரும் யூனிகோடு முறை இல்லாத எழுத்துரு. எத்தனை வருஷம் இதையே இழுத்துக்கொண்டு போவீர்கள்? தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது. உங்கள் பத்திரிகை மேட்டரை அப்படியே நகல் எடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டினால் "¾¢ÕÁ½õ" மாதிரி ஏதோ வரும். பேஜ்மேக்கருக்கு அடுத்து வந்த இன்டிசைனுக்கு மாறிவிடுங்கள், தலைவலி ஒரே தடவையில் தீரும்.

---

ஜாம்பஜார் கம்போசிங்:

எழுத்தாணி சார், நீங்கள் சொல்வது தப்பில்லை. ஆனால் என் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.

போன மாதம் ஐஸ்ஹவுஸ் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்குக் கல்யாணம். கையில் அவருடைய சொந்தக் கல்யாணப் பத்திரிகை, பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார். "இதே எழுத்து, இதே பிள்ளையார், இதே வரிசை. பேர் மட்டும் மாத்துங்க" என்றார். அது எங்கள் அப்பா காலத்தில் அச்சுக் கோத்து அடித்த பத்திரிகை, அதைப் பார்த்து நான் 2004-ல் அந்த அம்மாவின் தங்கை கல்யாணத்துக்கு அடித்த கோப்பு பழைய டிஸ்கில் இருக்கிறது. "நாளது தை மாதம்" என்று ஆரம்பித்து, முகூர்த்த நேரம், நட்சத்திரம், இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி பேர், கடைசியில் "தங்கள் நல்வரவை விரும்பும்" வரைக்கும் எல்லாம் நெளிவு சுளிவோடு நிற்கிறது. அதைப் புதிதாக அடித்தால் அரை நாள். பேர் மாற்றினால் பத்து நிமிஷம். அப்படி ஆயிரக்கணக்கில் வைத்திருக்கிறேன்.

அப்புறம் என் விரல். பழைய தட்டச்சு முறையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் பண்ணியவன். வேறு கீபோர்டில் அடித்தால் "திருமணம்" அடிப்பதற்குள் டீ ஆறிவிடும்.

டிரைவர் வேட்டை தம்பி, விண்டோஸ் பெட்டியாக வாங்கியதுதான். பில்லும் இருக்கிறது, எலி கொஞ்சம் கடித்திருக்கிறது. பெட்டி செய்யும் வழியைச் சொல்லுங்கள்.

---

எழுத்தாணி:

சரி, அந்தத் தங்கை கல்யாணக் கோப்புக்காக நான் வாபஸ். ஒன்று மட்டும்: யூனிகோடிலும் அதே பழைய தட்டச்சு முறையில் அடிக்கலாம், விரலை மாற்ற வேண்டாம். பேஜ்மேக்கருக்குத்தான் யூனிகோடு தெரியாது. புது வேலைகளை அப்படி ஆரம்பித்து, பழையதைத் தேவைப்படும்போது மட்டும் திறந்தால் போதும்.

---

டிரைவர் வேட்டை:

வழி இதுதான் சார். நிதானமாக, ஒரு ஞாயிற்றுக்கிழமை செய்யுங்கள்.

முதலில் அந்த 48 எண்ணை ஒரு காகிதத்தில் எழுதி கல்லாப்பெட்டியில் வையுங்கள். இனி பயாசைத் தொடுவதென்றால் அது கையில் இருக்க வேண்டும்.

பழைய டிஸ்கை சாட்டா டு யூஎஸ்பி கேபிளில் மாட்டி லேப்டாப்பில் செருகுங்கள். சரிபார்க்கட்டுமா, ஃபார்மட் செய்யட்டுமா என்று விண்டோஸ் எது கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் டிஸ்க்2விஎச்டி என்ற சின்ன மென்பொருளை இறக்கி ஓட்டுங்கள், அது டிஸ்க் முழுவதையும் விஎச்டி என்ற ஒரே கோப்பாக்கும். அதில் பழைய டிஸ்கின் பகுதிகள் மட்டும் டிக். 100 எம்பி அளவில் சிஸ்டம் ரிசர்வ்டு என்று குட்டியாக ஒன்று இருக்கும், அதையும் விடாதீர்கள், தொடங்கும் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன. விஎச்டிஎக்ஸ் என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். நம் பெட்டியை ஓட்டப்போகும் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற மென்பொருள் அந்த வகையில் எழுதாது, படிக்க மட்டும் செய்யும்.

பிறகு விர்ச்சுவல்பாக்ஸ் 7 அல்லது அதற்குப் புதியது. புது மெஷின், விண்டோஸ் 7 (32 பிட்), ரேம் 2 ஜிபி, புது டிஸ்க் வேண்டாம், நீங்கள் செய்த விஎச்டியைக் காட்டுங்கள். டிஸ்கை சாட்டாவில் மாட்டினால் 7பி என்று நீலத் திரை வர வாய்ப்பு அதிகம். 2010 டெஸ்க்டாப் பலவற்றில் டிஸ்கை இணைக்க ஐடிஇ என்ற பழைய முறைதான் இருந்தது, அதனால் ஐடிஇ கன்ட்ரோலரில் மாட்டிப் பாருங்கள்.

யூஎஸ்பி 2.0 என்று வையுங்கள். 3.0 வைத்தால் செவனுக்குத் தெரியாது. டாங்கிளைச் செருகி, யூஎஸ்பி ஃபில்டரில் சேர்த்துவிட்டால் அது நேராக உள்ளே இருக்கும் செவனுக்குப் போய்விடும். விண்டோஸ் 11-க்கு அந்த டாங்கிள் யாரென்றே தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

கடைசியாக, நெட்வொர்க் அடாப்டரை அணைத்துவிடுங்கள். அப்டேட் இல்லாத விண்டோஸுக்கு இன்டர்நெட் காட்டக் கூடாது. ஆக்டிவேஷனைக்கூட ஃபோனிலேயே முயலுங்கள். கோப்பு பரிமாற ஷேர்டு ஃபோல்டர் போதும்.

---

ஜாம்பஜார் கம்போசிங்:

தம்பிகளா, எரிந்துவிட்டது!

ஞாயிறு காலை காபி குடித்துவிட்டு உட்கார்ந்தேன். டிஸ்கிலிருந்து எடுக்கவே மதியம் இரண்டு மணி ஆகிவிட்டது. சொன்ன மாதிரியே 7பி நீலத் திரை வந்தது. முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. ஐடிஇக்கு மாற்றினேன். கறுப்புத் திரை, அப்புறம் நாலு வண்ணக் கொடி, அப்புறம் என்னுடைய அதே டெஸ்க்டாப். திருப்பதி பெருமாள் படம், இடது ஓரத்தில் "அர்ஜென்ட்", "அர்ஜென்ட் 2", "ரொம்ப அர்ஜென்ட்" என்று நான் வைத்திருந்த ஃபோல்டர்கள். கடை சாமான் எல்லாவற்றையும் யாரோ ஒரு கண்ணாடி டப்பாவில் அடைத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

டாங்கிளைச் செருகினேன். எரியவில்லை. ஃபில்டரில் சேர்த்த பிறகு பிடுங்கித் திரும்பச் செருக வேண்டும் போலிருக்கிறது. இரண்டாவது தடவை, சிவப்புப் புள்ளி. பேஜ்மேக்கரைத் திறந்து "உ" என்று ஒரு எழுத்து அடித்துப் பார்த்தேன், வந்தது. அடுத்து "ஸ்ரீ".

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். கீழே ஒரு பச்சை ஆமை படம் நிற்கிறது, பெரிய படம் போட்ட கார்டை நகர்த்தினால் இழுக்கிறது. அச்சு பிளேட்டுக்கு எடுக்கும் பட்டர் பேப்பர் பிரிண்ட் உள்ளேயிருந்து நேராகப் போகவில்லை. பிடிஎஃப் ஆக்கி ஷேர்டு ஃபோல்டரில் போட்டு விண்டோஸ் 11-லிருந்து அடிக்கிறேன். பிளேட் போடுகிறவர் எழுத்து முனை சுத்தமாக இருக்கிறது என்றார். ஆக்டிவேஷன் ஃபோனில் முடிந்தது.

ஒரே பயம். இந்த டாங்கிள் செத்தால்?

---

டிரைவர் வேட்டை:

ஆமையைக் கண்டு பயப்படாதீர்கள். மெமரி இன்டெக்ரிட்டி போன்றவை ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் விண்டோஸின் சொந்தப் பெட்டி வசதியான ஹைப்பர்-வி மேல் ஏறி ஓடும், அதற்குத்தான் அந்தப் படம். உங்கள் வேலைக்கு அந்த வேகம் போதும், அணைக்க வேண்டாம்.

விஎச்டி கோப்பை அப்படியே இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல் எடுத்து வீட்டில் வையுங்கள், கடையில் வேண்டாம். டாங்கிளுக்கு நகல் கிடையாது. அது உள்ளவரை வாரத்துக்குப் பத்துக் கோப்பாவது பிடிஎஃப் ஆக்கி வையுங்கள். முக்கியமான மேட்டரை எழுத்தாணி சொன்ன மாதிரி யூனிகோடுக்கு மாற்றி வையுங்கள். சாய்வாகச் செருகாமல், ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் மாட்டிவிட்டால் பிடுங்கிப் பிடுங்கித் தேயாது.

---

ஜாம்பஜார் கம்போசிங்:

எக்ஸ்டென்ஷன் கேபிள் நல்ல யோசனை, இன்றைக்கே வாங்குகிறேன். ஐஸ்ஹவுஸ் அம்மாவுக்கு முதல் புரூஃப் எடுத்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டில் பாட்டி பேரில் "ர"-வா "ற"-வா என்று ஒரு சண்டை, அதற்காக வாசலில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அப்புறம் வருகிறேன்.